மயில்துத்தம்

எண்பத்து நான்கில்
நாடாளுமன்றத்துக்கு மூன்று அறை கட்டினார்கள்.
வெள்ளையருக்கு, கலர் ஆட்களுக்கு,
கடைசியில் நமக்கும் ஒன்று என்றான் தம்பி லோகநாதன்,
சட்டையில் வேட்பாளர் படம் குத்தி.
"கறுப்பு சனங்களுக்கு?"
"அவர்களுக்கு அறை இல்லை, அக்கா."
"ஏன் இல்லை? தினமும் விழுகிறதே."
தட்டிலேயே கைகழுவி எழுந்து போனான்.

சாட்ஸ்வர்த் ஏழாம் யூனிட்டில்
சுவருக்கு அந்தப் பக்கம் அவன் குடும்பம்.
வாக்காளர் பட்டியலை மனைவிக்கு வாசிப்பான்.
இந்தப் பக்கம் நான் மைதா காய்ச்சுவேன்.
பூச்சி அரிக்காதிருக்க ஒரு சிட்டிகை மயில்துத்தம்,
அப்பா பஞ்சாங்கத்துக்கு அட்டை போட்ட முறை.

இரவு ஒரு மணிக்கு
ஆலையில் என்னோடு ஜிப் தைக்கும் ரூக்மணி
வாளியைப் பிடிக்க,
பள்ளிக்கூட வேலியில், பஸ் நிழற்குடையில்
அவன் தலைவரின் சிரிப்பின் மேல்
"ஓட்டுப் போடாதே" ஒட்டிக்கொண்டே போனோம்.
மூக்கை மட்டும் மூடாமல் விடுவாள் ரூக்மணி.
அது அவள் குறும்பு.

காலையில் கத்தியால் சுரண்டியவன்
விரல் நுனியில் நீலம் பார்த்தான்.
முகர்ந்தான்.
எங்கள் கதவைப் பார்த்தான்.

மாலையில் ஸ்பெஷல் பிராஞ்ச் ஆட்கள் இருவர்.
"தெரியாது சார்" என்றான்,
கையைப் பைக்குள் வைத்தபடி.
நான் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்த மாதம் ரூக்மணியைக் கூட்டிப்போனார்கள்.
திரும்பியபோது இடது காது கேட்கவில்லை.

பத்து வருஷம் அவனும் நானும்
மழை, தண்ணீர் வரி, பிள்ளைகளின் காய்ச்சல்
இவை மட்டும் பேசினோம்.

பிறகு அந்த ஏப்ரல்.
கூடத்தைச் சுற்றி மூன்று சுற்று வரிசை.
பின்னால் முக்காலியோடு நின்ற தோகோசிலே கேட்டாள்:
"உங்களுக்கு இது பழக்கம்தானே?"
"இல்லை. எனக்கும் இதுதான் முதல்."
அவளுக்குப் பின்னால் நின்ற லோகநாதன்
தன் செருப்பைப் பார்த்தான்.

நீளமான சீட்டு.
அடியில் ஒரு கட்சியின் பெயரைக்
கடைசி நேரத்தில் ஒட்டியிருந்தார்கள், கோணலாக.
நானாயிருந்தால் நேராக ஒட்டியிருப்பேன்.

கையில் அடித்த மை கண்ணுக்குத் தெரியாது;
விளக்குப் பெட்டிக்குள் நீட்டினால்தான்.
வாசலிலிருந்த பெண்
ஒரு நிமிஷம் பார்க்க விட்டாள்.
நீலம்.

தோள் வழியே எட்டிப் பார்த்தான் தம்பி.
"துத்தம் கொஞ்சம் கூடிப்போச்சு, அக்கா.
அன்றைக்கும் அப்படித்தான்."

"என்ன சொல்கிறான்?" என்றாள் ரூக்மணி.
அவள் இடது பக்கம் நின்றிருந்தான்.