மூன்று மீட்டருக்கு இந்தப் பக்கம்

முதுநகர் மணிக்கூண்டுக்கு எதிர்ச்சந்தில்
பத்தொன்பது வருடமாக
மனிதர்களை அசையாமல் இருக்கச் சொல்வது என் பிழைப்பு.
நாடியைக் கொஞ்சம் இறக்குங்க,
தோள் ரெண்டும் சமமா,
சிரிக்க வேண்டாம், ஆபீஸ்ல ஏத்துக்க மாட்டாங்க.
மீன்கொத்தியிடம் இதையெல்லாம் சொல்ல முடியாது
என்று தெரிந்தேதான்
புதுச்சேரியில் ஒரு நீள லென்ஸை
இரண்டு நாள் வாடகைக்கு எடுத்தேன்.
ஈடாக வைத்தது என் ஆதார் அட்டை.
அதிலிருக்கும் முகத்தை வேறு எவனோ எடுத்தான்,
கோணலாக.

முதல் பஸ். சிப்காட் வந்ததும்
தூங்கியவர்கள்கூட மூக்கைப் பொத்தினார்கள்.
ஆலப்பாக்கம் தாண்டித்தான் ஜன்னலைத் திறந்தோம்.
மடியில் துண்டு சுற்றிய லென்ஸ்;
பிள்ளைக்கு அரை டிக்கெட்டா என்றார் நடத்துனர்.

கிள்ளையில் தேசிங்கு படகோடு நின்றான்.
மோட்டார் வேண்டாம் என்றேன்.
கோலுக்குத் தனி ரேட்டு என்றான்.

வத்தம்.
நேற்றுத் தண்ணீர் எதுவரை ஏறியதென்று
சுரபுன்னை வேர்களில் சேறு கோடு போட்டிருந்தது.
முகத்தில் மோதிய ஒரு கிளையை விலக்கப் போனேன்.
"தொடாதீங்க, தில்லை.
பால் கண்ணுல பட்டா பார்வை போயிடும்."
முதலில் லென்ஸை மூடினேன்.
பிறகுதான் கண்ணை.

ஒரு நாரை. எடுத்தேன்.
துணி காயப்போட்டதுபோல் சிறகு விரித்த
நீர்க்காகங்கள். அவற்றையும்.
ஆனால் நான் வந்தது கருந்தலை மீன்கொத்திக்கு.
பனிக்கு வந்து, பனி முடியப் போய்விடுவது.
அதன் முதுகில் நீலமும் கத்தரிப்பூவும் கலந்து ஒரு நிறம்;
என் பிரிண்டர் அதைச் சரியாகத் தராது
என்று வரும்போதே தெரியும்.

வந்தது.
தேசிங்கு ஊன்றியிருந்த கோலின் நுனியில்.
அவன் மூச்சை நிறுத்தினான்.
லென்ஸ் முன்னே போனது, பின்னே வந்தது, முன்னே போனது,
கண்ணாடியைத் தொலைத்தவன்
மேசையைத் தடவுவதுபோல்.
மூன்று மீட்டருக்குள் வருவதை
அதற்குப் பார்க்கத் தெரியாது.
பவள அலகு, கறுத்த தலை, கழுத்து வெள்ளை
எல்லாம் ஒரே கலங்கல்.
கேமராவை இறக்கிவிட்டு
வெறுமனே பார்த்திருக்கலாம்.
அது பறந்த பிறகு தோன்றியது.

பல்லில் பறியைக் கடித்துக்கொண்டும் சிரிக்க முடியும்
என்று அன்றுதான் கண்டேன்.
வேர்களுக்குப் பின்னால், கழுத்தளவுத் தண்ணீரில்
உட்கார்ந்தபடி நகர்ந்துவந்தாள் ஒருத்தி.
இரண்டு கையும் சேற்றுக்குள்.
பார்வை எங்கோ, விரல் மட்டும் தேடியது.
ஒரு இறால். பறிக்குள் போனது. இன்னொன்று.

"கன்னியம்மா, சாருக்குப் பறவை சரியா விழல."

பறியை வாயிலிருந்து எடுத்தாள்.
"போட்டோக்காரரா? சாதிச் சான்றுக்கு
எனக்கு ஒண்ணு எடுங்களேன்.
மூணு தடவை திருப்பி அனுப்பிட்டாங்க,
பழைய படமாம்."

கிட்டே வராதீங்க என்றேன்,
தள்ளி, இன்னும் தள்ளி.
தேசிங்கு கோலூன்றிப் படகைப் பின்னுக்கு விட்டான்.
இடுப்பளவுத் தண்ணீரில் எழுந்து நின்று
ஈர முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.
ரெண்டு காதும் தெரியணும் என்பதை
மூன்று தடவையில் கற்றிருந்தாள்.
நான் சொல்லாமலே
சிரிப்பையும் நிறுத்தினாள்.

ராத்திரி, கடையில், திரையில்:
அவள் இடது தோளுக்கு மேலே
அவள் நின்ற அதே தூரத்துக் கிளையில்
இறகு இறகாக
அது.
அலகைத் திருப்பி, தோள் சமமாக,
ஒருவரும் சொல்லாமல் அசையாமல்.

பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும்.
வானத்தை அழித்தேன்.
வேர்களை, கிளையை.
டீ வாங்கி வந்தேன். ஆறிப் போனது.
பிறகு அதையும்.

எட்டுப் பிரதி.
அசல் கோப்பு பத்திரமாகத்தான் இருக்கிறது,
இருந்தும் கை கொஞ்ச நேரம்
மவுஸை விடவில்லை.
கவரின் மேல் பென்சிலால் எழுதினேன்:
கன்னியம்மா, கிள்ளை. பணம் வாங்க வேண்டாம்.

காலையில் புதுச்சேரி போய்
லென்ஸைக் கொடுத்து
என் கோணல் முகத்தைத்
திரும்ப வாங்க வேண்டும்.