சூடேறிய பின்

குளிரில் நாலு கிலோ.
கல்யாண மண்டப வாசலில் நிற்கும் மாமனார் போல
கேஜில் முள் விறைத்து நிற்கிறது.
கால் மணி நேரம் ஓடட்டும் என்று விட்டுவிட்டு
பாலத்தடியில் ஒரு டீ குடித்து வந்தால்
ஐட்லிங்கில் அரை கிலோ.
டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு
எரிவதா வேண்டாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறது.

எண்பத்தாறாம் வருடத்துப் பத்மினி.
ஐ.சி.எஃப்பில் ஓய்வு பெற்ற இன்னாசிமுத்து சாருடையது.
பி.எஃப். பணத்தில் ஒரு துண்டை வெட்டி
என் கையில் கொடுத்தார்.
போர் அடித்து, பிஸ்டன் மாற்றி, கிராங்கு உரசி,
நாற்பத்தோராயிரம்.
முந்நூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை.
"எனக்கு ஹை பிரஷர், வண்டிக்கு லோ.
ரெண்டையும் கூட்டி
ரெண்டால வகுத்துக் குடேன்" என்கிறார்.
சிரித்தேன்.
எண்ணெய்க் கையில் ஸ்பேனர் மாதிரி அது நழுவியது.

சுலபமானதிலிருந்து தொடங்குவது முறை.
கோழைத்தனம் என்றும் சொல்லலாம்.
சுவிட்சை மாற்றினேன்.
பிறகு அதே ஓட்டையில் வேறொரு கேஜைத் திருகிப் பார்த்தேன்.
விளக்கு பொய் சொல்லவில்லை.
கெட்டி ஆயில் ஊற்றினேன்,
பத்து நிமிடம் நம்பிக்கை தந்தது.
ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷர் கொடுத்தேன்.
குளிரில் ஐந்தரை ஏறியது.
சூட்டில் அதே அரை.
மேலே எவ்வளவு இறுக்கினாலும்
கீழே எங்கோ திறந்து கிடக்கிறது.

புதுப்பேட்டையில் வைத்தியருக்கா பஞ்சம்.
பம்பு என்றான் ஜியாவுதீன்.
எதிர்க்கடை தனசிங், கேஜ் ரெண்டுமே டூப்ளிகேட் என்றார்.
லேத் ஏகாம்பரம்
கேட்காமலே சொன்னார்:
"கிராங்கு நம்ம கைபட்டது, மயிரிழை பிசகாது."
ஒருவன் மட்டும் குரலைத் தாழ்த்தினான்:
"ஒயரைப் புடுங்கி வுட்டுடு மாமே.
லைட்டே வராது.
பெர்சு எவ்ளோ தூரம் ஓட்டப்போவுது,
சர்ச்சுக்கும் அயனாவரம் மார்க்கெட்டுக்கும்."

தப்பில்லாத கணக்கு.
இரண்டு வருடம்கூட ஓடியிருக்கும்.
அந்த ஒயர் பச்சை நிறம்.
என் இடது கைக்கு எட்டும் தூரம்.

அன்றிரவு மழை.
தகரக் கூரையின் இரைச்சலுக்குக் கீழே
செயினில் மாட்டி இன்ஜினைத் தூக்கினேன்.
சம்ப்பைத் திறந்தேன்.
பம்பில் பல் இடைவெளி சரி.
மூன்று மெயினிலும் நாலு கன்ராடிலும்
பிளாஸ்டிக் நூலை வைத்து
மூடி இறுக்கி, திறந்து,
நசுங்கிய அகலத்தை அட்டையோடு ஒப்பிட்டேன்.
சரி. சரி. சரி.
எல்லாம் சரியாயிருந்தும் ஒரு வண்டி சரியில்லை என்றால்
பார்க்காதது ஒன்று இருக்கிறது.

கேம் ஷாஃப்டை உருவினேன்.
நடு புஷ்ஷில் டார்ச் அடித்தேன்.
வெள்ளை உலோகம் ஒரு பக்கமாகத் தேய்ந்து
செம்பு தெரிந்தது, உள்ளங்கை ரேகை அளவுக்கு.
ஷாஃப்டைத் திரும்பச் செருகி ஆட்டினேன்:
லொடக்.
சின்னச் சத்தம். மழையிலும் கேட்டது.

ஆடி மாதம் அது. கரண்ட் இல்லை.
உள்ளே விரலை விட்டுத் தடவி
"இது போதும்" என்றேன்.
யாரிடம் சொன்னேன்?
ஷெட்டில் அப்போது யாரும் இல்லை.
ஒரு செட் புஷ் எண்ணூறு ரூபாய், லேத் கூலி தனி.
நாற்பத்தோராயிரம் எழுதிய பில்லில்
அந்த வரி மட்டும் இல்லை.

விடிந்ததும் போன் செய்தேன்.
"சார், தப்பு என்னுது. இன்னும் பத்து நாள் ஆகும்.
காசு வேணாம்."
அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று. இன்னொன்று.
"மாத்திரை போட்டுட்டு வரேன்."

வந்தார்.
இன்ஜின் இல்லாத வண்டியை ஒருமுறை சுற்றினார்.
குனிந்து, வேட்டியை முழங்காலில் இடுக்கிக்கொண்டு
நான் காட்டிய துளைக்குள் விரலை விட்டார்.
மெல்லத் தடவினார்.
"நல்லாத்தானே இருக்கு?"

எனக்கும் அன்று
அப்படித்தான் இருந்தது.