முப்பத்தொன்பதாவது பெட்டி

பர்காவிலிருந்து சஹம் வரை
சாலையோரம் நிற்கும் ரேடார் பெட்டிகள் நாற்பத்தாறு.
அவற்றுக்கு முகம் துடைத்துவிடுவது என் வேலை.

தூசிக்காற்று அடித்த மறுநாள்
இருட்டோடு கிளம்ப வேண்டும்.
ஒரு வாளி, நாலு துணி, ஏணி,
கதவு சரியாகச் சாத்தாத கம்பெனி பிக்கப்.
தொண்ணூறைத் தாண்டினால் அதற்கு நடுக்கம் வந்துவிடும்.
அதனால்தான் என் பெயரில் அபராதம் ஒன்றுமில்லை,
குணத்தால் அல்ல.

ஏணியைப் பிடிப்பவன் செய்யிது மீராசா, காயல்பட்டினம்.
ஏணியை விட்டாலும் பேச்சை விடமாட்டான்.

மேலேயிருந்து பார்க்கச் சாலை வேறு மாதிரி.
பெட்டிக்கு முன்னூறு மீட்டர் இருக்கும்போதே
பிரேக் விளக்குகள் ஒவ்வொன்றாய்ச் சிவக்கும்.
பெண் பார்க்கப் போன வீட்டில் நடப்பதுபோல்
அத்தனை பேரும் அடக்கமாய் நடந்து
பெட்டியைக் கடந்ததும்
தொண்டையைச் செருமிக்கொண்டு
மறுபடி அவரவர் குணம்.

வந்த புதிதில்
பின்னால் ஒரு வெள்ளை லேண்ட் க்ரூசர் விளக்கடித்தது.
வணக்கம் சொல்கிறார் என்று நினைத்தேன்.
மறுபடி அடித்தது.
வண்டியில் ஏதோ திறந்து கிடக்கிறதென்று
ஓரம்கட்டி இறங்கிப் பார்த்தேன்.
அவருக்கு அது போதுமாயிருந்தது.

நூற்றிருபதில் கார்களுக்குள் ஒரு மணி அடிக்குமே, அது
மீராசா முன்பு வேலை பார்த்த வீட்டு முதலாளிக்குக்
காதில் விழுவதே இல்லையாம்.
நின்றால்தான் திடுக்கிட்டு
என்ன ஆச்சு வண்டிக்கு என்று கேட்பாராம்.

இதெல்லாம் சிரிக்கிற கதை.
பெனிட்டோ சிரிக்கவில்லை.

எங்கள் அறையில் மேல்கட்டில் அவனுக்கு.
உறைந்த கோழி ஏற்றிய வேன்,
ஏழு மணிக்குள் பதினான்கு கடை.
விடிகாலை ஐந்துக்கு "சீக்கிரம், சீக்கிரம்" என்கிற மேனேஜர்
சம்பளத் தேதியில்
"யார் உன்னை வேகமாப் போகச் சொன்னது?" என்பார்.
ஒரே மாதத்தில் மூன்று தடவை, தலைக்குப் பத்து ரியால்.
மூன்றும் முப்பத்தொன்பதில்.

ராத்திரி கட்டிலிலிருந்து தலையைத் தொங்கவிட்டுக் கேட்டான்:
"கபூராவுக்கு அங்கிட்டு இருக்கே ஒண்ணு,
அத மட்டும் ஒரு வாரம் தொடைக்காம விடேன்."

விட்டேன்.
மீராசாவிடம் வாளியில் தண்ணீர் தீர்ந்தது என்றேன்.
வாளியைப் பார்த்தான்.
அன்றைக்கு முழுக்க அவன் பேசவில்லை,
அது எனக்கு நாற்பத்தாறு பெட்டியை விடக் கனமாயிருந்தது.

நாலாம் நாள் அதே இடத்தில் எங்கள் டயர் காற்றிறங்கியது.
ஜாக்கி வைத்துக் குனிந்திருக்கிறேன்,
ஏதோ வந்தது, போய்விட்டது.
சத்தம் பிறகுதான் வந்தது.
பிக்கப் ஜாக்கியின் மேல் ஒருமுறை ஆடி நின்றது.
வாளி உருண்டு ஓடியது.
காய வைத்த துணி மஞ்சள் கோட்டைத் தாண்டிப் பறந்தது.
வேனின் பின்கதவில் சிரிக்கிற கோழிப்படம் மட்டும்
ஒரு கணம் தெரிந்தது.
நட்டைக் கையிலேயே வைத்திருந்தேன்.
மீராசா என் சட்டைக் காலரைப் பிடித்திருந்தான்,
எப்போது பிடித்தான் என்று தெரியவில்லை.

டயரை மாட்டிவிட்டு ஏணி போட்டேன்.
கண்ணாடியில் தூசி ஒரு விரல் கனம்.
முதலில் உலர்ந்த துணி, பிறகு ஈரம், பிறகு உலர்ந்தது.
என் மூக்கு பெரிதாகவும்
பின்னால் சாலை ஊசி போலவும் தெரிந்தன.
நின்று பார்க்கிறவனை அது படமெடுப்பதில்லை.

அடுத்த வாரம் பெனிட்டோவின் போன் சிணுங்கியது.
படித்தான். மேலே ஏறிப் படுத்துக்கொண்டான்.
பத்து ரியாலை அவன் தலையணைக்குக் கீழ் வைத்தேன்.
காலையில் அது என் செருப்புக்குள் இருந்தது.

வெள்ளிக்கிழமை பெரிய சட்டியில் அவன்தான் சமையல்.
நசுங்கிய பெட்டியில் மிஞ்சிய கோழி.
எல்லோருக்கும் போட்டான், எனக்கும்.
நல்ல துண்டா என்று கிளறிப் பார்க்கவில்லை.

"எத்தனைல போனேன் அன்னைக்கு?" என்றான்,
தட்டைப் பார்த்துக்கொண்டே.

எனக்கெப்படித் தெரியும்.
பெட்டிதான் அன்றைக்குக் கண்ணை மூடியிருந்ததே.