திரும்பியது என்ற கட்டம்

மண்டபம் தென்கரை டோக்கன் அறையில்
பதிவேடுகள் நூற்றுப் பதினாறு.
ஐந்தாண்டு தாண்டியவற்றைக் கழித்துவிடச் சொல்லித்
தலைமையிலிருந்து தாள் வந்திருக்கிறது.
பழைய பேப்பர் சீனி இபுராம்சா
தராசோடு வந்துவிட்டார்.
கிலோ பதினொன்று. நனைந்திருந்தால் ஒன்பது.

இந்தக் கரையில் நனையாத தாள் எது?

போன மாதம் சென்னையிலிருந்து இருவர் வந்தார்கள்.
வெள்ளைக் கையுறை, குடைவிளக்கு, கேமரா.
ஓலை இருக்கிறதா, செப்பேடு இருக்கிறதா என்றார்கள்.
எல்லாம் பால்பாயிண்ட் என்றேன்.
தேநீர் குடித்துவிட்டுத் தேவிபட்டினம் போனார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது.
எண், படகு, ஆள், டீசல்,
சென்றது, திரும்பியது.
படம் பிடிக்க இதில் என்ன இருக்கிறது?
சென்றது நாலேகால். திரும்பியது ஆறு பத்து.
சென்றது ஐந்து. திரும்பியது ஏழு.
ராமபாணப் பூச்சிகூட
ஓரத்தைக் கொறித்துவிட்டு அலுத்துப்போயிருக்கிறது.

நூற்றுப் பன்னிரண்டாம் ஏட்டில் மட்டும் ஒரு வரி.
கார்த்திகைக் கடைசி, வாடை முறுக்கிய நாள்.
தூய மிக்கேல், ஆள் நான்கு, டீசல் இருநூறு.
சென்றது நாலு முப்பத்தைந்து.
அடுத்த கட்டம் வெள்ளை.

என் கையெழுத்துதான்.
அன்று பேனா கசிந்தது.
நான்காவது பெயர்மேல் ஒரு நீலத் திட்டு:
செபமாலை மகன் லூர்துராசு.

அவன் மனைவி பிரகாசி வருடம் ஒருமுறை வருவாள்.
அழமாட்டாள். ஏட்டைத் திருப்பி
அந்த வரி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள்,
பாஸ்புக்கில் வரவு பார்ப்பதுபோல.

ஏழாண்டு காணாதவனைத்தான்
இறந்தவன் என்று சட்டம் ஒப்பும்.
ஏட்டுக்கு ஆயுள் ஐந்து.
மிச்ச இரண்டு ஆண்டும்
அவன் கடலுக்குப் போகவே இல்லை.

ஒருமுறை மனம் கேளாமல் நானே கேட்டேன்,
காணவில்லை என்று கட்டத்தில் எழுதட்டுமா?
"எழுதாதீங்க சார். எழுதிட்டா முடிஞ்ச கணக்கு.
சர்டிபிகேட் மட்டும் எப்படியாச்சும் வேணும்,
மூத்தவளுக்கு காலேஜ்."
ஒரே மூச்சில் சொன்னாள் இரண்டையும்.

இபுராம்சா கட்டுகளை எண்ணுகிறார்.
இன்னொரு தரம் எண்ணுகிறார்.
"ஒண்ணு குறையுதே?"
எடை போடுங்க பாய், என்கிறேன்.

வெளியே என் வண்டியில்
டிபன் டப்பாவுக்கு அடியில், உரச்சாக்கில்
வேப்பிலையோடு கிடக்கிறது அது.

கழிவுப் பதிவேட்டில்
நூற்றுப் பதினாறு என்றே எழுதிக்
கையெழுத்திட்டேன்.
இருபத்தாறு வருட வேலையில்
முதல் பொய்க்கணக்கு.

அதற்கும் ஆயுள் ஐந்துதான்.