முப்பதுக்கு முப்பது

மலை எனக்கு முதலில்
ஒரு கோப்பாகத்தான் வந்தது.
கன்னங்குறிச்சி மாடி அறையில்
இரண்டு முறை கரண்ட் போய்
மூன்றாம் முறை முழுசாக இறங்கியது.

திறந்தால் சாம்பல் நிறக் கட்டங்கள்.
ஒவ்வொன்றும் முப்பதுக்கு முப்பது மீட்டர்,
உள்ளே ஒரே ஓர் எண்: உயரம்.
ஜன்னலைத் திறந்தால் அதே மலை,
பாதி மேகத்துக்குள்,
எண் எதுவும் இல்லாமல்.

அடிப்படை சுலபம் என்றார்கள்.
மழையின் அடி,
மண்ணின் இளக்கம்,
சரிவு எவ்வளவு நீளம், எவ்வளவு செங்குத்து,
மேலே போர்த்தியிருக்கும் பச்சை,
மனுஷக் கை போட்ட தடுப்பு.
எல்லாவற்றையும் பெருக்கு.
ஹெக்டேருக்கு, ஆண்டுக்கு, இத்தனை டன் என்று வரும்
மலை யாரிடமும் சொல்லாமல் இழப்பது.

முதல் ஓட்டம்: பூஜ்யம்.
உச்சி முதல் அடிவாரம் வரை பூஜ்யம்.
சேர்வராயன் ஒரு குன்றிமணி மண்ணைக்கூட
விட்டுக்கொடுக்கவில்லை.
பச்சைக்கான நிரலை நிரப்ப மறந்திருந்தேன்.
பெருக்கலில் ஒருவன் கைவிரித்தால் போதும்.

இரண்டாம் ஓட்டம்:
கோணத்தைப் பாகையில் கொடுத்தேன்.
சைன் கேட்டதோ ரேடியன்.
சில இடத்தில் ஆறாயிரம் டன்,
சில இடத்தில் 'எண் அல்ல'.
இந்தக் கணக்குப்படி
ஏற்காடு ஏரி, படகுகளோடு
அடுத்த தைக்குள்
ஓமலூர் ரோட்டில் வந்து உட்காரும்.
ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாகச் சிரித்தேன்.

மழைக்கு ஜெசிந்தாதான்.
நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் எடைக் கணக்கு எழுதுபவள்.
காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்துவிட்டு
குரலில் அனுப்புவாள்:
"அறுபத்தெட்டு. கரண்ட் இல்ல.
உள்ள ஒரு தவளை கெடக்கு,
அதக் கழிச்சுக்கோ."
தவளையைக் கழிக்க
சூத்திரத்தில் இடமில்லை.
அறுபத்தாறு என்று போட்டேன்.

மூன்றாம் ஓட்டத்தில் மலை நம்பும்படி கரைந்தது.
பன்னிரண்டு டன் என்றால்
ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர்.
பென்சில் கோட்டின் பருமன்.
வருஷம் முழுக்க நின்று பார்த்தாலும்
கண்ணுக்குத் தெரியாது.
ஒரு கட்டம் மட்டும் ரத்தச் சிவப்பு:
அறுபத்தொன்று.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.
இருபது கொண்டை ஊசி,
பின் சீட்டில் ஒரு குழந்தை வாந்தி,
பிறகு ஜெசிந்தாவின் ஸ்கூட்டி.
சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகு, கீழே காப்பி.
செல்போன் சொன்ன புள்ளியில் நின்றால்
சரிவுக்குக் குறுக்கே
முழங்கால் உயரத்துக்குக் கல் வரிசை.
அதற்குக் கீழே இன்னொன்று.
எண்ணினேன், பதினொன்று.
ஒவ்வொன்றின் முதுகிலும்
செம்மண் தேங்கி, பெரணி முளைத்து,
எங்கும் போகாமல்.

"யாரு கட்டுனது?"
"நாலு மொதலாளி மாறியாச்சு.
யாருக்குத் தெரியும்."

தடுப்பு என்ற பெட்டியில்
மலை முழுவதற்கும்
நான் ஒன்று என்று போட்டிருந்தேன்.
ஒன்று என்றால்
இங்கே யாரும் எதுவும் செய்யவில்லை
என்று அர்த்தம்.

திரும்பும் வழியில், புது ரிசார்ட்டுக்கு வெட்டிய பாதையோரம்
ஓர் ஓடைக்கால்.
கையை விட்டேன், முழங்கை வரை போயிற்று.
என் வரைபடத்தில் அந்தக் கட்டம் நல்ல பச்சை.
நாலு டன்.
முப்பது மீட்டரின் சராசரியில்
ஒரு காயம் எளிதாக ஒளிந்துகொள்கிறது.

இரவு ஒன்றை அழித்து
புள்ளி ஐந்து ஐந்து என்று மாற்றினேன்.
ஒரே ஒரு கட்டத்தில்.
மிச்சம் நாலு லட்சத்துச் சொச்சம்.
அவற்றில் எங்கெங்கே யார்
குனிந்து கல் அடுக்கினார்கள் என்று
எந்தச் செயற்கைக்கோளும் எனக்குச் சொல்லவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.
மூக்கனேரி காலையில்
டீ நிறத்துக்கு வந்துவிடும்.
எவ்வளவு கிளம்பியது என்று சொல்லும் சூத்திரத்துக்கு
எங்கே போய்ச் சேர்ந்தது என்று தெரியாது.
அதற்கு வேறு மாதிரி வேண்டும்,
வேறு பாடம்,
அடுத்த மாதம் பார்க்கலாம்.

எட்டரை. போன் அதிர்ந்தது.
"அம்பத்தொண்ணு.
இன்னைக்குத் தவளை இல்ல."