மணலில் விழுந்த மூன்று

தடைக்காலத்தின் இரண்டாம் நாள்
மண்டபம் வடக்குக் கரையில்
மராமத்துக்கு ஏற்றிவைத்த விசைப்படகின்
அடிவயிற்று நிழலில்
ரீகன் அட்டையை விரித்தான்.
அறுபத்தொரு நாளுக்கும் ஒரே ஆட்டம்.
காசில்லாத ஆறு பேர்
காகிதக் காசில் ஊர்களை வாங்கினோம்.
எனக்குச் சிம்லா.
பார்த்ததில்லை. ஐஸ் தெரியும்,
மீன்மேல் கொட்டுகிற ஐஸ்.

பதினோராம் நாள் சாயங்காலம்
காற்று தூக்கிய அட்டையை
இடக்கையால் அமுக்கிக்கொண்டு உருட்டினேன்.
ஒரு பகடை அட்டையில். நாலு.
இன்னொன்று துள்ளி டீசல் கேனில் பட்டு
மணலில். மூன்று.
ஏழு கட்டம் தள்ளிக் கல்கத்தா,
அதில் நம்புராஜனின் ஹோட்டல்.

முந்தாநாள் ரீகனுக்கும் மணலில்தான் விழுந்தது.
செல்லாது, திரும்பப் போடு என்றார்கள்.
நான்தான் அதை முதலில் சொன்னேன்.
இன்றைக்கு ஒரு வாயும் திறக்கவில்லை.
கலந்தர் மட்டும் பகடையை எடுத்து
மணலை ஊதினான்.
"மூணு மூணுதான், எங்க விழுந்தா என்ன."

இன்னும் ஐம்பது நாள்.
வெளியேறியவன் எங்கே போவான்?
எனக்கும் அதே படகின் நிழல்தான்.
டீ வாங்கி வந்தேன்.
கச்சான் பிடித்ததும் நோட்டுக் கட்டுகள் மேல்
சிப்பி பொறுக்கி வைத்தேன்.
வாடகைக் கணக்கை என்னிடமே கேட்டார்கள்,
ஆடாதவனுக்குப் பொய் எதற்கு என்று.
ஒரே ஒருமுறை
கலந்தருக்கு ஐந்நூறு குறைத்துச் சொன்னேன்.
எண்ணாமல் வாங்கிக்கொண்டான்.
மறுநாள் அவன் கட்டில் திருப்பிச் செருகினேன்.
அதையும் அவன் எண்ணவில்லை.

செல்சியா சோற்றைப் போட்டபடி கேட்டாள்:
"நிவாரணம் வராதப்பகூட
இப்படி உம்முன்னு இல்லையே நீ."

ஜூன் பதிமூன்று.
ஐஸ் லாரி வந்து நின்றது.
படகை இறக்க ஆள் கூப்பிட்டார்கள்.
கல்கத்தா நம்புராஜனிடம்,
ரயிலும் கப்பலும் ரீகனிடம்,
ஜெயித்தவன் என்று யாருமில்லை.
எல்லார் காசையும்
ஒரே பாலித்தீன் பையில் கொட்டி
அட்டையை நாலாக மடித்தான் ரீகன்.
"அடுத்த வருசம் புதுசா ஆரம்பிப்போம்."
ஐந்து பேரும் தோற்காமல் எழுந்து
முழங்கால் மணலைத் தட்டிக்கொண்டார்கள்.

அந்த ஆட்டத்தில்
முடிவு என்று ஒன்று
எனக்கு மட்டும்தான் கிடைத்தது.

முதல் பாடு, விடியவில்லை.
மடியை இழுத்து ஏற்றும்போது
தோளோடு தோள் இடித்து நின்ற ரீகன்
மெதுவாகச் சொன்னான்:
"அன்னைக்கு அதைத் திரும்பப் போடச்
சொல்லியிருக்கணும்டா நான்."

கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது.
இழு என்றேன்.