பழைய தாள்

மூன்று நாளாய் மழை, இமெரேத்தியில்.
நானுலி பெட்டிக்குள் செய்தித்தாள் விரித்தாள்,
படிக்க அல்ல.

விடிகாலை, அமைச்சரின் நெற்றியில்
தக்காளிச் சாறுபோல்
ஒரு சொட்டு எச்சம்.

பதினேழில் நான்கு
இறகு சிலிர்த்து, கண் செருகி
விளக்கடியில் நின்றன,
கடைசிப் பேருந்தை விட்டவர்கள் மாதிரி.

ஈர மரத்தூளை வாரி வெளியே கொட்டினாள்.
பெட்டியைக் கொதிநீர் ஊற்றித் துடைத்தாள்.
அம்ப்ரோலியம் கரைத்த தண்ணீர்தான்,
வேறு தண்ணீர் கிடையாது.
குடிக்காததன் அலகை அதில் முக்கி
"ஒரு வாய், பிடிவாதமே" என்றாள்.

ஐந்தாம் நாள்
தாளில் சிவப்பு இல்லை.
நான்கும் தீனிக்கு முண்டின.
செத்துக் கிடந்தது வேறொன்று.
எப்போதும் தின்றுகொண்டே இருந்தது,
அதனால் யாரும் அதைப் பார்க்கவில்லை.

வக்தாங் மழையில் குழி வெட்டினான்.
அவள் அடுத்த தாளை விரித்தாள்.
நாளை வெயில் என்று போட்டிருந்தது,
போன வருடத்து நாளை.